மாட்டேன் என்றாரா, இல்லை என்றாரா?

டைம் ஆபீஸ் ஜன்னலில் கஸ்தூரி முதலில் தன் அடையாள அட்டையைக் கழற்றி வைத்தார். அடுத்து நூல் வெட்டும் சின்னக் கத்தரி. கடைசியாக நீல ஏப்ரனை நான்காக மடித்து, மேலே ஒட்டியிருந்த நூல் பிசிறைத் தட்டிவிட்டு வைத்தார்.

காலை டீ நேரம். மெஷின்கள் நின்றிருந்ததால் பசை வாசனை வழக்கத்தைவிட அதிகமாகத் தெரிந்தது. சாட்சிக் கையெழுத்துப் போட நான் பக்கத்தில் நின்றிருந்தேன்.

கஸ்தூரி என்னிடம் கேட்டார்: "மேடம், வெளிநாட்டுக்கு அனுப்பின ரிப்போர்ட்டுல என்னப் பத்தி இன்னா எழுதி இருந்துது?"

"நீங்க சொன்னதத்தான்கா எழுதினேன்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போனார். நான் பொய் சொல்லவில்லை. அந்த நிமிடத்தில் நான் சொன்னதை நானே முழுமையாக நம்பினேன். இந்த வாரம் எழுதப்போவது அந்த நம்பிக்கையைப் பற்றித்தான்.

மூன்று துண்டு

ஆம்பூரைத் தாண்டி நெடுஞ்சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளியிருக்கும் ஒரு ஷூ கம்பெனியில் அப்போது எனக்கு வேலை. கொரோனா முடிந்து எல்லோரும் முகக்கவசத்தை மோவாய்க்கு இறக்கிவிட்ட காலம். எங்களிடம் ஷூ வாங்கும் வெளிநாட்டுப் பையர் கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் இங்கிலீஷில் பதில் எழுதுவது என் பொறுப்பு. கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, தீயணைப்புக் கருவியின் தேதி முடிந்துவிட்டதா, ஊழியர்கள் சிரித்த முகத்துடன் இருக்கிறார்களா என்றெல்லாம் கேட்பார்கள். எல்லாவற்றுக்கும் ஆமாம் என்பதை விதவிதமாக எழுதத் தெரிந்திருக்க வேண்டும். எனக்குத் தெரிந்திருந்தது.

நாலாம் லைனில் குழந்தைகளின் ஷூவுக்கு மேல்பாகம் தைப்பார்கள். தைக்கும்போது ஊசி உடைந்தால் அதற்கென்று ஒரு விதி உண்டு. மெஷினை நிறுத்த வேண்டும். உடைந்த துண்டுகள் அத்தனையையும் தேடி எடுத்து சூப்பர்வைசரிடம் கொடுக்க வேண்டும். அவர் அவற்றை ஒரு நோட்டில் டேப் போட்டு ஒட்டி, தேதி எழுதி, புது ஊசி தருவார். ஒரு துண்டு குறைந்தாலும் அந்த மெஷினில் தைத்ததையெல்லாம் கப்பலுக்கு அனுப்பாமல் தனியாக ஒதுக்கிவிடுவார்கள்.

அப்படியிருந்தும் ஒரு ஊசி முனை கடல் தாண்டிப் போய்விட்டது. பையரின் குடோனில் யாரோ ஒருவர் ஒரு குட்டி ஷூவுக்குள் கை விட்டபோது விரலில் குத்தியிருக்கிறது. குழந்தை எதுவும் போட்டுப் பார்ப்பதற்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள். பெட்டியில் இருந்த சீட்டை வைத்துத் தேடியதில் அது நாலாம் லைன், கஸ்தூரியின் மெஷின்.

மேனேஜர் அறையில் விசாரணை நடந்தது. மேனேஜர், சூப்பர்வைசர் தனசேகர், கஸ்தூரி, எழுதுவதற்கு நான். நோட்டில் அந்தத் தேதியில் இரண்டு துண்டுகள்தான் இருந்தன. அதன் போட்டோ நகலும் மேஜைமேல் இருந்தது. கஸ்தூரி மூன்றாவது துண்டைக் கொடுக்கவில்லை என்றார் தனசேகர். திருப்பத்தூர்க்காரர், பதினைந்து வருட அனுபவம், குரல் உயர்த்தாதவர்.

"இல்ல சார். மூணையும் உங்க கையிலதான் குடுத்தேன்" என்றார் கஸ்தூரி.

கேள்வி மூன்று முறை கேட்கப்பட்டது. பதிலும் மூன்று முறை அதேதான். குறிப்பு நோட்டில் தமிழில் எழுதினேன்: ‘ஊசித் துண்டை ஒப்படைக்காதது பற்றிக் கேட்டபோது கஸ்தூரி மறுத்தார்.’ இந்த வாக்கியத்தைப் படிக்கும் யாருக்கும் சந்தேகம் வராது. குற்றச்சாட்டை மறுத்தார், அவ்வளவுதான்.

அன்று மாலைக்குள் அறிக்கை போக வேண்டும். எங்களை வீட்டுக்குக் கூட்டிப்போகும் கம்பெனி வேன் கிளம்ப இன்னும் இருபது நிமிடம். ஒவ்வொரு வரியாக இங்கிலீஷில் மாற்றிக்கொண்டே வந்தேன். ‘மறுத்தார்’ என்ற இடத்தில் என் விரல்கள் ‘ரெஃப்யூஸ்ட்’ என்று அடித்தன. ஸ்பெல்லிங்கில் பிழை இல்லை. கம்ப்யூட்டரும் சிவப்புக் கோடு போடவில்லை.

பஜ்ஜி சாப்பிட்டவர்கள்

இங்கே ஒரு பழைய கதையைச் சொல்லாமல் நகர முடியாது.

என் அப்பா வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் ரெக்கார்டு பிரிவில் இருந்தவர். சத்துவாச்சாரியில் எங்கள் தெருவில் யாருக்கு என்ன மனு எழுத வேண்டுமென்றாலும் எங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள். அக்காவைப் பெண் பார்க்கத் திருப்பத்தூரிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. நல்ல மனிதர்கள். ஆனால் அக்காவுக்குப் பிடிக்கவில்லை. தமிழில் ‘வேண்டாம்’ என்று எழுதினால் முகத்தில் அடித்தது போல இருக்கும் என்று அப்பா இங்கிலீஷில் எழுதினார். உங்கள் மகனின் சம்பந்தத்தை நாங்கள் மிகுந்த மரியாதையுடன் ‘டினை’ செய்கிறோம் என்று.

நாலாம் நாள் பையனின் அப்பா போன் செய்தார். ஓய்வுபெற்ற இங்கிலீஷ் வாத்தியார். "நாங்க பொண்ணு பாக்கவே வரலன்னு எழுதி இருக்கீங்களே சார். பஜ்ஜி கூட சாப்ட்டோமே?" என்றாராம்.

அப்போது நான் கல்லூரியில் இரண்டாம் வருடம், இங்கிலீஷ் இலக்கியம். அப்பாவை உட்காரவைத்து வகுப்பெடுத்தேன். செய்யமாட்டேன், வேண்டாம் என்பது ‘ரெஃப்யூஸ்’. நடக்கவே இல்லை, அது உண்மையில்லை என்பது ‘டினை’. ஒன்று மாட்டேன், இன்னொன்று இல்லை. அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடியே, ரெண்டும் மறுக்கிறதுதானே என்றார். தமிழில் அப்படி, இங்கிலீஷில் அப்படியில்லை என்று நான் பெருமையோடு சொன்னேன்.

ஆக, வித்தியாசம் எனக்குத் தெரியாது என்று நான் தப்பித்துக்கொள்ள வழியில்லை. தெரிந்திருந்தது. தெருவில் உள்ளவர்களுக்கும் சர்ச் அறிவிப்புத்தாளுக்கும் திருத்தம் சொல்லும் அளவுக்குத் தெரிந்திருந்தது. வேனுக்கு இருபது நிமிடம் இருந்தபோதுதான் தெரியவில்லை.

போன சொல் திரும்பி வந்தது

பையர் தரப்பில் ஒரு பெண்மணியிடமிருந்து பதில் வந்தது. நேரில் பார்த்ததில்லை, கடிதங்களில் மட்டும் பழக்கம். மரியாதையாகவே எழுதியிருந்தார். உடைந்த ஊசியை ஒப்படைக்கச் சொன்னபோது முடியாது என்று சொல்லும் ஒருவர் குழந்தைகளுக்கான ஷூ தைக்கும் லைனில் எப்படி இருக்கிறார் என்று கேட்டிருந்தார். மேனேஜர் உடனே கஸ்தூரியைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டார். முதலில் நான் சொன்ன ஏப்ரன் காட்சி அன்றுதான்.

இந்தப் பெண்மணி ஏன் இப்படி விஷயத்தைப் பெரிதாக்குகிறார் என்று நான் மனதுக்குள் கடிந்துகொண்டேன். என் அறிக்கையை எடுத்துப் பார்க்கத் தோன்றவில்லை.

மறுநாள் காலை நோட்டீஸ் போர்டில் தமிழில் ஒரு தாள். அலுவலகத்தில் யாரோ பையரின் மெயிலைப் பார்த்துத் தமிழாக்கியது: ‘ஊசித் துண்டை ஒப்படைக்க மறுத்த காரணத்தால் திருமதி கஸ்தூரி தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்படுகிறார்.’

ஒப்படைக்க மறுத்தாரா? அவர் எப்போது அப்படிச் சொன்னார்? எவன் இப்படித் தப்பாக எழுதினான் என்று கோபத்தோடு என் மேஜைக்குப் போய் ஃபைலைத் திறந்தேன். எழுதியது நான்தான். தமிழில் கிளம்பிய ‘மறுத்தார்’ என் கையால் கடல் தாண்டிப் போய், வேறு ஆளாகத் திரும்பி வந்து போர்டில் ஒட்டிக்கொண்டிருந்தது.

முதலில் வந்தது கஸ்தூரியைப் பற்றிய கவலை என்று எழுத ஆசை. உண்மை என்னவென்றால், இது யாருக்காவது தெரிந்துவிடுமோ என்பதுதான் முதலில் வந்தது.

தெரியாது என்று எழுத முடியாது

மதியம் மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். அவர் கெட்டவரல்ல. அப்பா கடைசியாக ஆஸ்பத்திரியில் இருந்தபோது இரண்டு முறை வந்து பார்த்தவர். பேசி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார்.

"ஒரு வார்த்ததான?"

"ஆமா சார்."

"அத மாத்தினா, அப்போ துண்டு எப்டி ஷூக்குள்ள போச்சுன்னு கேப்பாங்க. நீ இன்னா எழுதுவ?"

"தெரியலன்னு எழுதணும் சார்."

"தெரியலன்னு பையருக்கு மெயில் போட்ட கம்பெனி இந்தப் பக்கத்துல ஒண்ணுகூடக் கிடையாது ஷீலா."

அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது என்பதுதான் சங்கடம். என் தவறான வாக்கியத்தில் எல்லாம் சரியாக முடிந்திருந்தது. ஒருவர் முடியாது என்றார், அவரை நீக்கினோம், குழந்தைகள் பத்திரம். சரியான வாக்கியம் எழுதினால் எதுவும் முடியாது. கம்பெனிக்குப் பிழையான இங்கிலீஷ்தான் வசதியாக இருந்தது. இந்த ஆர்டர் கப்பல் ஏறட்டும், பிறகு சத்தமில்லாமல் வேறு லைனில் சேர்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி மேனேஜர் அடுத்த ஃபைலை எடுத்தார்.

மூன்று நாள் நான் எதுவும் செய்யவில்லை. சொல்ல வேண்டியவரிடம் சொல்லியாயிற்று என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

நாலாம் நாள் காலை, மாதனூர் தாண்டிக் கஸ்தூரி வழக்கமாக ஏறும் இடத்தில் எங்கள் வேன் நிற்காமல் போனது. அவர் அங்கேதான் நின்றிருந்தார், கையில் காய்கறிப் பை. வேனைப் பார்த்ததும் முகத்தை ரோட்டின் அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். எனக்குப் பின் சீட்டில் ஒரு பெண் இன்னொருத்தியிடம் தாழ்ந்த குரலில், ஊசியைத் திருடிட்டாளாமே, அத வச்சி இன்னா பண்ணுவா என்று கேட்டாள். மற்றவள், தெரியல, ஆனா தரமாட்டேன்னு சண்ட போட்டாளாம், போர்டுலயே போட்டிருக்கு என்றாள்.

என் வாக்கியம் ஒரு வாரத்தில் இவ்வளவு தூரம் வளர்ந்திருந்தது.

பதினேழு வருடம்

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பஸ் பிடித்துக் கஸ்தூரியின் ஊருக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்து முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி எடுத்துப் போட்டார். தண்ணீர் கொடுத்தார். அவர் கணவர் பேரணாம்பட்டில் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்கிறவர். உள்ளே படுத்திருந்தார். அவர் காதில் விழட்டும் என்றோ என்னவோ, கஸ்தூரி சத்தமாகவே என்னை வரவேற்றார்.

சொல்லிவிட்டேன். ‘மாட்டேன்’ என்பதற்கு ஒரு சொல், ‘இல்லை’ என்பதற்கு ஒரு சொல், இரண்டையும் மாற்றிப் போட்டது நான்தான் என்று. மன்னிப்பும் கேட்டேன். அவர் கீரையை ஆய்வதை நிறுத்தவில்லை.

"இங்கிலீஷ் எத்தினி வருசம் படிச்சீங்க மேடம்?"

"ஸ்கூலு, காலேஜு எல்லாம் சேத்து பதினேழு வருசம்கா."

அவர் ஒரு காம்பை உருவி ஓரமாகப் போட்டார்.

"நான் சொன்னது ஒரே வார்த்த. ‘இல்ல’ன்னேன். அத எழுத பதினேழு வருசம் பத்தலயா உங்களுக்கு?"

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பவர் போலக் கேட்டார். பரவாயில்லை என்ற சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை. வரும் என்று நான் எதிர்பார்த்து வந்திருந்தேன் என்பது அது வராதபோதுதான் புரிந்தது.

இந்தத் தெருவில் பாதிப் பேர் ஏதாவது ஒரு ஷூ கம்பெனியில்தான் வேலை செய்கிறார்கள், குழாயடிக்குப் போனால் பேச்சு நின்றுவிடுகிறது என்றார். கணவர் தினமும் ராத்திரி ஒரே கேள்வியைக் கேட்கிறாராம்: நிஜமா சொல்லு, இன்னா பண்ண நீ? பிறகு, எனக்காக அல்ல, தனக்கே சொல்லிக்கொள்வது போலச் சொன்னார்.

"மூணு டேப்பு ஒட்டினாரு. கிட்ட நின்னு பாத்தேன். மூணாவது சின்ன முனை. வெரல்ல ஒட்டிக்கினு வரமாட்டேன்னுது."

மூன்று டேப். இதை ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்டேன்.

"குடுத்தியா இல்லியான்னுதான கேட்டீங்க. எப்டி ஒட்டினாருன்னு யாரு கேட்டீங்க?"

நோட்டு

திங்கட்கிழமை முதல் வேலையாக நாலாம் லைனுக்குப் போய்த் தனசேகரிடம் அந்த நோட்டைக் கேட்டேன். போட்டோ நகலை அல்ல, அசலை. அது எப்போதும் போல அவர் மேஜை ஓரத்தில் திறந்து கிடந்தது. பக்கத்திலேயே தைத்து முடித்த மேல்பாகங்கள் கூடையில் குவிந்திருந்தன.

பக்கத்தைத் திருப்பி, தாளை ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தேன். இரண்டு டேப்புக்கு அடியில் இரண்டு துண்டுகள். அதற்குக் கீழே மூன்றாவது டேப் ஒன்று, ஒரு முனை தூக்கிக்கொண்டு. அதன் அடியில் ஒன்றுமில்லை, கொஞ்சம் நூல் தூசி மட்டும். கண்ணாடி போன்ற டேப். நகல் எடுத்தபோது அது தெரியாமல் போயிருக்கிறது.

தனசேகர் நோட்டை என் கையிலிருந்து வாங்கி அந்த டேப்பை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு கூடையைப் பார்த்தார். ஊசி ஷூவுக்குள் போகக் கூடாது என்பதற்காக வைத்த நோட்டிலிருந்துதான் ஊசி ஷூவுக்குள் விழுந்திருக்கிறது.

"நான் பொய் சொல்லல மேடம். நோட்டப் பாத்தேன், ரெண்டுதான் இருந்துது. அதான் ரெண்டுன்னு சொன்னேன்."

"தெரியும் சார்."

"பதினஞ்சு வருசமா அந்தம்மாவ எனக்குத் தெரியும். அத விட்டுட்டு நோட்ட நம்பினேன்" என்றார். அவரே முன்னால் நடந்து மேனேஜர் அறைக்குப் போனார். கூடை பக்கத்தில் நோட்டை வைத்தது தன் கவனக்குறைவு என்று தமிழில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கஸ்தூரியிடம் பிழையை ஒத்துக்கொள்ள எனக்கு நாலு நாள் ஆயிற்று. அவருக்கு நாலு நிமிடம்.

துண்டு போன வழி தெரிந்துவிட்டதால் மேனேஜருக்கும் ஆட்சேபம் இல்லாமல் போயிற்று. அன்று மாலை வேனை விட்டுவிட்டு உட்கார்ந்து எழுதினேன். முந்தைய அறிக்கையில் நான் எழுதிய சொல் தவறு, அந்தப் பெண் ‘ரெஃப்யூஸ்’ செய்யவில்லை, ‘டினை’ செய்தார், அவர் சொன்னது உண்மை, பிழை என்னுடையது. எழுதிய இங்கிலீஷ் கடிதங்களிலேயே மிகச் சின்னது அதுதான். ஆறு முறை படித்துப் பார்த்த பிறகே அனுப்பினேன்.

பதில் சுருக்கமாக வந்தது. விளக்கத்துக்கு நன்றி. இனி ஊசி நோட்டை மூடி போட்ட பெட்டிக்குள் வைக்கவும். அறிக்கை எழுதுகிறவர்களுக்கு அடிப்படை இங்கிலீஷ் பயிற்சி அளிக்கவும்.

அளித்தார்கள். எட்டு சனிக்கிழமை. வேலூரிலிருந்து ஒரு இளைஞர் வந்து, காலையில் பார்த்தால் என்ன சொல்ல வேண்டும், மாலையில் பார்த்தால் என்ன சொல்ல வேண்டும் என்பதிலிருந்து ஆரம்பித்தார். எம்.ஏ. முடித்த நான் முதல் பெஞ்சில் உட்கார்ந்து கோரஸாகச் சொன்னேன். முடிவில் சான்றிதழும் தந்தார்கள். அதில் என் பெயரில் ஒரு எழுத்து பிழை. நான் திருத்தச் சொல்லவில்லை.

போர்டுக்கு முன்னால்

கஸ்தூரியைக் கூப்பிட்டனுப்பினார்கள். வந்தார். ஒரு தாளை நீட்டினார் மேனேஜர். இனிமேல் கவனமாகப் பணி செய்வேன் என்று ஒரே வரி, கீழே கையெழுத்துக்கு இடம். எல்லோரிடமும் வாங்குவதுதான், சும்மா ஃபைலுக்கு என்றார்.

கஸ்தூரி படித்துவிட்டுத் தாளை மேஜைமேல் திருப்பி வைத்தார்.

"போட மாட்டேன் சார். இது வரைக்கும் கவனமாத்தான் இருந்தேன். இனிமேன்னு எதுக்கு எழுதணும்?"

நிறுத்தியதை எந்த போர்டில் ஒட்டினார்களோ அதே போர்டில், தமிழில், நடந்ததை ஒட்டச் சொன்னார். ஒட்டிய அன்றைக்கு வருவதாகச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். மேனேஜர் என்னைப் பார்த்தார், நான் நாலாம் லைன் பக்கம் பார்த்தேன். அங்கே அவருடைய மெஷினில் உட்காரவைத்திருந்த புதுப் பெண்ணின் வேலை பாதி ரிஜெக்ட் ஆகிக்கொண்டிருந்தது. இரண்டு நாளில் மேனேஜர் சம்மதித்தார்.

நோட்டீஸை நான்தான் எழுதினேன். கஸ்தூரி மூன்று துண்டுகளையும் முறைப்படி ஒப்படைத்தார் என்பதும், அவர் மீது எந்தத் தவறும் இல்லை என்பதும், அறிக்கையில் நேர்ந்த பிழை எழுதியவருடையது என்பதும் அதில் இருந்தன. கடைசி வரி: ‘இன்று முதல் அவர் மீண்டும் பணிக்கு அனுமதிக்கப்படுகிறார்.’

மறுநாள் தேதி போட்டு ஒட்டி, கஸ்தூரிக்கும் சொல்லியனுப்பினோம். காலையில் வேன் மாதனூர் தாண்டி நின்றது. கஸ்தூரி ஏறினார். கம்பெனிக்குள் வந்ததும் நேராக போர்டுக்கு முன்னால் போய் நின்று, விரலை வரிக்கு வரி நகர்த்தி மெதுவாகப் படித்தார். பின்னால் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். கடைசி வரியில் விரல் நின்றது. திரும்பி என்னைத் தேடினார்.

"மேடம், நீங்க என்ன அனுமதிச்சீங்களா, கூப்ட்டீங்களா?"

"கூப்ட்டோம்கா."

"அப்போ அத எழுதுங்க."

மேனேஜர் கையெழுத்துப் போட்ட தாள். அவரிடம் கேட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. பேனாவை எடுத்து ‘அனுமதிக்கப்படுகிறார்’ என்பதை அடித்து, அதற்கு மேலே ‘அழைக்கப்படுகிறார்’ என்று எழுதினேன். போர்டு சுவரில் இருந்ததால் எழுத்து கொஞ்சம் கோணிவிட்டது.

கஸ்தூரி அந்த வரியை இன்னொரு முறை படித்தார். பிறகு டைம் ஆபீஸுக்குப் போய் ஏப்ரனை வாங்கிக் கட்டிக்கொண்டு நாலாம் லைனுக்கு நடந்தார்.